அடிக்குறிப்பு டீச்சர்

“மழை வரும்” என்று மட்டும் அவர் சொல்லமாட்டார். “மழை வரும்னு பால்காரர் சொன்னாரு அக்கா, காலையில, எங்க வாசல்ல வெச்சி” என்பார். மழை வந்தால் பெருமை பால்காரருக்கு. வராவிட்டால் திட்டும் பால்காரருக்குத்தான். டீச்சருக்கு இரண்டிலும் பங்கு கிடையாது. உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு பேச்சு கிளம்பி பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் அதற்குக் கைகால் முளைத்துவிடும். அந்த ஊரில் இப்படி ஒரு பொம்பளை இருந்தார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நான் சொல்லலாம். அவருடைய அடிக்குறிப்புகள் அத்தனையையும் தட்டியெடுத்தவை என்னுடைய விரல்கள்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எப்படியாவது அவர் காதுக்குப் போய், “இதுக்கெல்லாம் ஆதாரம் இன்னா அக்கா?” என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பார். எனக்கு அந்த வம்பு வேண்டாம்.

உரக்கடைக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஆசையாசையாக ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்தார். வைத்த கையோடு அவருக்குச் செங்கல்பட்டில் சர்க்கார் வேலை கிடைத்துவிட்டது. அவர் காலையில் பஸ் ஏறிப் போய்விடுவார். இன்ஸ்டிட்யூட் என் தலையில். லோயர், ஹையர் என்று பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் வந்து டக் டக் என்று தட்டிக்கொண்டிருப்பார்கள். இடையில் வெளிவேலையும் வரும். தாசில்தாருக்கு மனு, கிரயப் பத்திர நகல், கோயில் திருவிழா நோட்டீஸ் இப்படி. தமிழ் மெஷின் ஒன்றே ஒன்றுதான். அதில் நான்தான் உட்காருவேன். யாரையும் தொட விடமாட்டேன்.

அங்கேதான் டீச்சர் ஒருநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் என்று தெரியும். பிறந்த வீடு காஞ்சிபுரத்தில் தறி வைத்திருந்த குடும்பம். இங்கே அரிசி மண்டிக்காரர் வீட்டில் வாக்கப்பட்டு வந்தவர். என்னைவிடச் சின்னவர். சென்னையில் ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் பதிவு செய்துகொண்டு, வேலையில் இருந்தபடியே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணுகிறாராம். ஏரிப் பாசனத்தில் வழங்குகிற பழக்கவழக்கங்கள்தான் பொருள். பட்டம் வந்தால் காஞ்சிபுரத்துப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். காலேஜில் பாடம் நடத்தவேண்டும் என்பது அவருடைய சின்ன வயசு ஆசை. “படிச்சது பத்தலியாம், இன்னும் படிக்கிறாளாம்” என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததால் இந்த விஷயம் எனக்கு முன்பே தெரியும்.

கையெழுத்துக் கட்டோடு இன்னொன்றையும் மேஜைமேல் வைத்தார். ஆய்வேட்டை எப்படித் தட்டச்சு செய்யவேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் கொடுத்த விதித்தாள். சைக்ளோஸ்டைல் மை அப்பிப் பாதி எழுத்து தெரியாத தாள். அதைக் கல்யாணப் பத்திரிகை படிக்கிற மாதிரி முகம் மலர எனக்குப் படித்துக் காட்டினார். இடப்பக்கம் பைண்டிங்குக்காக ஒன்றரை அங்குலம் விடவேண்டும். வரிக்கு வரி இரட்டை இடைவெளி. புத்தகப் பெயர் என்றால் அடிக்கோடு, கட்டுரைப் பெயர் என்றால் மேற்கோள் குறி. அடுத்தவர் சொன்னது எதுவாக இருந்தாலும் அதன் தலையில் ஒரு எண் போட்டு, அதே பக்கத்தின் கீழே ஒரு சின்னக் கோடு கிழித்து, கோட்டுக்கு அடியில் அதே எண்ணைப் போட்டு, சொன்னது யார், எங்கே, எந்தப் பக்கம் என்று காட்டவேண்டும். அதுதான் அடிக்குறிப்பு.

“இதையெல்லாம் யாரு டீச்சர் உக்காந்து பாக்கப் போறாங்க?” என்று கேட்டேன்.

“நாம பாக்குறமே அக்கா” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, சிரிக்கிற விஷயம் இல்லை அது.

அடிக்குறிப்பு அடிக்கிறவளின் வயிற்றெரிச்சல் அடித்தவளுக்குத்தான் தெரியும். மேலே எண் போட உருளையை அரைக் கட்டம் திருப்பவேண்டும், மறுபடி இறக்கவேண்டும். கீழே எத்தனை வரி வரும் என்று முன்கூட்டியே மனக்கணக்குப் போட்டு இடம் விடவேண்டும். இதற்காகவே ஓரத்தில் வரி எண்கள் எழுதிய ஒரு தடித்தாளைப் பின்னால் வைத்து, மீதி எவ்வளவு என்று எட்டிப் பார்த்துக்கொண்டே அடிப்பேன். கணக்குத் தப்பினால் கடைசி வரி உருளையை விட்டு நழுவிவிடும். அந்தப் பக்கமும், அடியில் வைத்த கார்பன் நகல்கள் அத்தனையும் குப்பை. மறுபடி முதலிலிருந்து. மற்றவர்கள் ஒரு பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ போடுவார்கள். நம் டீச்சர் சில பக்கங்களில் மேலே நாலு வரி, கீழே முழுக்க அடிக்குறிப்பு என்று கொண்டுவருவார். “டீச்சர், நீங்களா ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கீங்களா இதுல?” என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன். அவர் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, “இதோ, இந்த ‘ஆகவே’ என்னுதுதான் அக்கா” என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே தேடினாரா, இன்றுவரை தெரியாது.

வீட்டிலும் அப்படித்தான். சில நாள் மதியம் எனக்குத் தூக்கில் குழம்பு கொண்டுவருவார். சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றால் ஏற்றுக்கொள்ளமாட்டார். அது பெரிய நாத்தனார் பக்குவம், புளி கரைத்த விதம் அம்மாவுடையது, உப்பு மட்டும்தான் தன்னுடையது என்பார். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே என்று நான் சொன்னால் அதை மட்டும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்.

கேட்கிறவர்களுக்கு இது வேடிக்கை. கூட இருக்கிறவர்களுக்கு அப்படி இல்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் ஒருமுறை அவரிடம் ஒரு மாப்பிள்ளைப் பையனைப் பற்றி விசாரிக்க வந்தார்கள். பையன் டீச்சருடைய பள்ளிக்கூடத்து ஆயம்மாவின் சொந்தம். டீச்சர் சொன்ன பதில் ஊரெல்லாம் பிரசித்தம்: பையன் தங்கமானவன் என்று அவன் அம்மா சொன்னார். குடிப்பான் என்று பஸ் ஸ்டாண்டு சைக்கிள் கடைக்காரர் சொன்னார், போன வாரம், என் வண்டிக்குக் காற்றடிக்கும்போது. இரண்டையும் நான் பார்த்ததில்லை. அவ்வளவுதான். கல்யாணம் நின்றது. பையன் வீட்டார் நேராகச் சைக்கிள் கடைக்குப் போய் அந்த மனிதரின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். பிறகு அவர் டீச்சரின் வண்டிக்குக் காற்றடிக்கவே மாட்டேன் என்றுவிட்டார். டயர் இறங்கினால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஊர்க்கோடிக் கடைக்குப் போவார் டீச்சர். வெயிலில் அவர் தள்ளிக்கொண்டு போகிறதைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கும், ஆத்திரமாகவும் இருக்கும்.

நான் டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். சொன்ன மனுஷன் பெயரை மறைத்திருந்தால் என்ன குடியா முழுகிப்போகும் என்று கேட்டேன்.

“பேர மறைச்சா அது நான் சொன்னதா ஆயிடும் அக்கா. நான் பாக்கலியே.”

இப்படிப் பேசுகிறவரிடம் யார் மனசு விட்டுப் பேசுவார்கள்? பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் அறைக்குள் அவர் நுழைந்தால் பேச்சு நின்றுபோகுமாம். நாளைக்கு நம் பெயரும், இடமும், நேரமும் எங்கேயாவது ஏறிவிடுமோ என்று பயம். அவருக்கு அது தெரியும். தெரிந்தும் மாற்றிக்கொள்ளவில்லை. சாப்பாட்டு வேளையில் என்னிடம் வந்து உட்கார்ந்துகொள்வார். எனக்கு மறைக்கிறதுக்கு ஒன்றும் இல்லாததால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று. அதோடு, எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ஊரில் இத்தனை பேர் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருக்க, ஒருத்தராவது நாக்கைக் கட்டி வைத்திருக்கிறாரே என்று இருந்தது.

ஒருநாள் அவர் பதறிப்போய் வந்தார். விஷயம் இதுதான். ஒரே ஆளை அடுத்தடுத்து மேற்கோள் காட்டினால் இரண்டாம் முறை முழுப்பெயரும் அடிக்கவேண்டியதில்லை, ‘மேலது’ என்று போட்டால் போதும். மேலே சொன்ன அதே ஆள் என்று அர்த்தம். எனக்கு ரொம்பப் பிடித்த விதி அது, விரலுக்கு ஓய்வு. டீச்சர் ஒரு பக்கத்தில் கடைசி நேரத்தில் நடுவே புது அடிக்குறிப்பு ஒன்றைச் செருகியிருந்தார். கீழே இருந்த ‘மேலது’வை மாற்ற மறந்துவிட்டார். இப்போது அது புதிதாக வந்தவரைக் காட்டுகிறது. ஏரிக்கரையில் ஒரு பெண் சொன்ன வார்த்தை, வெள்ளைக்காரன் காலத்துக் கலெக்டர் சொன்னதாக ஆகிவிட்டது. “ஒருத்தர் வாயில இருந்தத எடுத்து இன்னொருத்தர் வாயில வெச்சிட்டேனே” என்று மாய்ந்து போனார். அந்தப் பக்கத்தை மறுபடி அடித்துக் கொடுத்த பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

அந்த ஏரிக்கரைப் பெண்தான் பச்சையம்மாள். தென்னேரிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் ஏரியில் மதகு திறந்து, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சிக் கொடுக்கிற வேலை அவளுடைய அப்பாவுக்கு. ஆண்பிள்ளை இல்லை. அவர் படுத்த படுக்கையான பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இவளே இறங்கிவிட்டாள். டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் வாலாஜாபாத் போய், பஸ் மாறி அங்கே போவார். மதகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் பேசுவார்களாம். இதெல்லாம் டீச்சர் சொல்லக் கேட்டது. பாருங்கள், அவரைப் பற்றி எழுதினால் அவர் வியாதி எனக்கும் ஒட்டிக்கொள்கிறது.

அப்படிப் போய்வந்த ஒரு சாயந்திரம், வியர்த்து விறுவிறுத்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். யாரும் இதுவரை எழுதாத ஒன்று கிடைத்துவிட்டது என்றார். அந்த ஊரில் தண்ணீர் குறைவான வருஷத்தில் முதல் நாள் தண்ணீர் மதகை ஒட்டிய வயலுக்குப் போகாதாம். கடைசியில் இருக்கிற வயலுக்குத்தான் முதலில் போகவேண்டுமாம். ஏன் அப்படி, பக்கத்தில் இருக்கிறவன் காய, தூரத்தில் இருக்கிறவனுக்கு எதற்கு முதல் தண்ணீர் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். பச்சையம்மாள் சொன்ன பதிலை அவள் குரலிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினார்:

“கடைசிக் கயினிக்குத் தண்ணி போய்ச் சேரணும்னா, நடுவுல கீறவன் எல்லாம் அவனவன் கால்வாய வெட்டித்தான் ஆவணும். மொதல்ல தனக்குப் பாஞ்சிட்டா எவன் வெட்டுவான்?”

சொல்லிவிட்டு டீச்சர் கைதட்டிச் சிரித்தார். அவர் கைதட்டி நான் பார்த்ததில்லை. அந்த ஒரு பதில்மேல் ஓர் அத்தியாயத்தையே கட்டினார். அடித்து முடித்ததும் வழக்கம்போல நகல் ஒன்று சென்னைக்கு, பேராசிரியரின் பார்வைக்குப் போயிற்று. அவரை டீச்சர் நெறியாளர் என்று சொல்வார். ரொம்ப இனிமையாகப் பேசுகிறவராம். “நல்லாருக்கும்மா, இன்னும் கொஞ்சம் பாக்குறேன்” என்று வாங்கி வைத்துக்கொண்டார். மாதக்கணக்கில் பேச்சே இல்லை.

பிறகு ஒருநாள் டீச்சர் சென்னைக்குப் போய்விட்டு நேராக என்னிடம் வந்தார். பையிலிருந்து ஓர் ஆராய்ச்சி இதழை எடுத்து மேஜைமேல் வைத்தார். நெறியாளரே கையில் கொடுத்து, உனக்கு உதவும், மேற்கோள் காட்டிக்கொள் என்று சொன்னாராம். பிரித்துப் பார்த்தேன். நான் அடித்த அத்தியாயம். வரிக்கு வரி இல்லாவிட்டாலும் எனக்குத் தெரியாதா, எந்த வாக்கியம் எங்கே திரும்பும் என்று? மேலே நெறியாளரின் பெயர். டீச்சர் பெயர் எங்கேயும் இல்லை. ‘கள ஆய்வின்போது இக்கட்டுரையாளர் கண்டறிந்தது’ என்று இருந்தது. அந்தக் கடைசி வயல் பேச்சுக்கு முன்னால், ‘முதியவர் ஒருவர் கூறினார்’ என்று போட்டிருந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. கண்டபடி பேசினேன், அதையெல்லாம் அச்சில் ஏற்ற முடியாது. அந்த மனிதர் ஏரிக்கரையை மிதித்தாவது இருப்பாரா! டீச்சர் அந்த ஒரு வரிமேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் பெயர் இல்லாததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“முதியவர் ஒருவராம் அக்கா” என்றார். “அவங்களுக்குப் பேரு இல்லியா?”

பிறகு அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. இது முன்னாடியே அச்சாகிவிட்டது. முன்னால் அச்சானதைக் காட்டாமல் எழுதினால் திருட்டு. விதித்தாளில் இருக்கிறது. ஆகவே தன் ஆய்வேட்டில் இந்தக் கட்டுரையைக் காட்டித்தான் ஆகவேண்டுமாம். வீட்டில் புகுந்து அள்ளிக்கொண்டு போனவனுக்குக் கையோடு ரசீதும் எழுதிக் கொடுக்கிறேன் என்கிறீர்களா என்று கத்தினேன். தட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் இதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் ஆளைக் காணோம். மூன்றாம் நாள் ஒரு தாளோடு வந்தார். அந்த இடத்துக்குப் போடவேண்டிய அடிக்குறிப்பு. அது எனக்கு இன்னும் மனப்பாடம்:

‘இச்செய்தியை முதலில் அச்சில் வெளியிட்டவர் இவ்வாய்வின் நெறியாளர். நெறியாளருக்கு எழுதிக் கொடுத்தவர் இவ்வாய்வாளர். இவ்வாய்வாளருக்குச் சொன்னவர் பச்சையம்மாள், த/பெ. ஏழுமலை, ஏரி மதகடியில், மாலை வேளையில்.’

முதல் வாக்கியத்தோடு கட்டுரையின் பெயர், இதழின் பெயர், பக்க எண் எல்லாம் முறைப்படி இருந்தன. புள்ளி, காற்புள்ளி எதிலும் பிசகு இல்லை.

படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். கோபமோ குத்தலோ கொஞ்சமும் இல்லை. “இதுல பொய் எங்கியாவது கீதா அக்கா?” என்று கவலையோடு கேட்டார். இல்லை என்றேன். இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் அடித்தேன். ரிப்பனைப் புதிதாக மாற்றிக்கொண்டு அடித்தேன்.

முழு ஆய்வேடும் சென்னைக்குப் போயிற்று. நெறியாளர் கையெழுத்துப் போட்டால்தான் பல்கலைக்கழகத்தில் வாங்குவார்கள். ‘இது இவருடைய சொந்த ஆய்வு என்று சான்றளிக்கிறேன்’ என்று முன்னால் ஒரு பக்கம் உண்டு, அங்கே அவர் கையெழுத்து வேண்டும். அவர் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு அந்த அடிக்குறிப்புப் பக்கத்தில் வந்து நின்றாராம். கோபித்துக்கொள்ளவே இல்லையாம். “முதல் வாக்கியம் போதுமேம்மா. பின்னாடி ரெண்டையும் எடுத்துட்டு வா, இன்னைக்கே போட்டுத் தர்றேன்” என்று தேனாகச் சொன்னாராம். வேறு நெறியாளரிடம் மாறிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் இவர் சம்மதக் கடிதம் கொடுக்கவேண்டும். பதிவுக் காலத்தை ஏற்கெனவே ஒருமுறை நீட்டித்தாகிவிட்டது. அந்த மாசக் கடைசியோடு சரி. காலேஜ்காரர்களும் ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒரு காரியம் செய்தேன். டீச்சரைக் கேட்காமலே அந்தப் பக்கத்தை மறுபடி அடித்தேன். முதல் வாக்கியம் மட்டும். பின்னால் இருந்த இரண்டையும் விட்டுவிட்டு, மேலே வரிகளைக் கொஞ்சம் தளர்த்தி, அடுத்த பக்கம் நகராமல் கச்சிதமாக முடித்தேன். அவர் வந்ததும் பழைய பக்கத்தையும் புதுப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கெஞ்சிப் பேசினேன். இந்த ரெண்டு வரி போனால் யாருக்கு என்ன நஷ்டம், உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்தப் பச்சையம்மாளுக்குப் படிக்கவே தெரியாது, எத்தனை வருஷம் அந்த மாமியார் வாயில் விழுந்து படித்தீர்கள் என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அவங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்றதாலதான் அக்கா யோசிக்கிறேன்” என்றார்.

ஒரு பேட்ச் பெண்கள் முடித்துக் கிளம்பி, அடுத்த பேட்ச் வந்து உட்காரும்வரை இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். காலேஜ் ஆசை எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். காலேஜுக்குக் கட்டிப் போக என்று இரண்டு சேலையைக்கூடத் தனியாக எடுத்து வைத்திருந்தார். என் பக்கத்தைக் கையில் எடுத்தபோது, அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதை என்னிடம் நீட்டினார்.

“நல்லா அடிச்சிருக்கீங்க. எடமெல்லாம் சரியா விட்டுருக்கீங்க. வேணாம் அக்கா.”

அன்றைக்கு அவரோடு நான் பேசவில்லை. அதற்கடுத்த சில நாளும் பேசவில்லை. இப்படியும் ஒரு பிடிவாதமா என்று மனசு ஆறவே இல்லை.

நெறியாளர் முடியாது என்றும் சொல்லவில்லை, போடுகிறேன் என்றும் சொல்லவில்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்றே மாசத்தை ஓட்டிவிட்டார். பதிவு காலாவதி ஆயிற்று. காலேஜில் வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்கள். மாமியார் தெருவில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தார். டீச்சர் எப்போதும்போலப் பள்ளிக்கூடம் போய்வந்தார். இளைத்துப்போனார், அவ்வளவுதான் வெளியே தெரிந்தது. பிறகு ஒருநாள் காஞ்சிபுரத்தில் கொடுத்து பைண்டிங் போட்ட ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு வந்தார். கருநீல அட்டை. புரட்டினேன். கையெழுத்து இல்லாத சான்றிதழ்ப் பக்கமும் அப்படியே உள்ளே இருந்தது. இதை ஏன் சேர்த்து பைண்ட் பண்ணினீர்கள், வயிறெரிகிறது என்றேன். கையெழுத்துப் போடவில்லை என்பதும் ஒரு தகவல்தானே என்றார். எனக்கு வந்த கோபத்தையும் மீறிச் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். எங்கள் சண்டை அதோடு தீர்ந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். வாலாஜாபாத்தில் பஸ் மாறி, இறங்கி, வயல் வரப்போடு நடந்தோம். ஏரியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. பச்சையம்மாள் கரைச் சரிவில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். நரைத்த தலை, மெலிந்த உடம்பு, வெற்றிலைக் காவி வாய். டீச்சரைப் பார்த்ததும் அரிவாளைப் போட்டுவிட்டு வந்து மதகுக் கல்லில் உட்கார்ந்தாள். நான் யார் என்று கேட்டாள். “உங்க பேச்ச மெஷின்ல அடிச்சவங்க” என்று டீச்சர் சொன்னார். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

டீச்சர் மடியில் வைத்துப் பிரித்துப் படித்தார். கடைசி வயல் முதல் தண்ணீர் என்கிற இடம் வந்ததும் பச்சையம்மாள் கூடவே தலையை ஆட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்தின் மேல் பகுதி முடிந்தது. டீச்சர் கோட்டுக்குக் கீழே இறங்கி அடிக்குறிப்பைப் படித்தார். தன் பெயர் வந்ததும் பச்சையம்மாள் கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள். எங்கே என்று கேட்டாள். டீச்சர் அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஏம்மா, எல்லாத்தையும் மேல எழுதிக்கீற. என் பேர மட்டும் இன்னாத்துக்குக் கோட்டுக்குக் கீழ தள்ளி வெச்சிக்கீற?”

விதி அப்படி என்று டீச்சர் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அந்த விதித்தாளை நெட்டுருப் போட்ட மனுஷி, முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தாங்கவில்லை. இந்தப் பெயரை எடுக்கமாட்டேன் என்று நின்றதால்தான் இவருக்குப் பட்டமும் போயிற்று, காலேஜ் வேலையும் போயிற்று என்று எல்லாவற்றையும் பச்சையம்மாளிடம் கொட்டிவிட்டேன். டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தியும் நான் நிறுத்தவில்லை.

பச்சையம்மாள் கேட்டுக்கொண்டாள்.

“எடுத்துட்டுருக்கலாமேம்மா. பேர வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப்போறேன்?”

“அது நீங்க சொன்னது, பெரிம்மா” என்றார் டீச்சர். “வேற யாரு சொன்னாங்கன்னு நான் சொல்றது?”

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இத்தனை மாசத்தில் அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். நானும் அழுதேன். பச்சையம்மாள் எங்கள் இருவரையும் தேற்றவில்லை. புல் கறை படிந்த கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, டீச்சர் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள்.

“அப்ப இன்னொரு தபா படி” என்றாள்.

டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதே பக்கத்தை எடுத்தார். இந்தத் தடவை கோட்டுக்குக் கீழேயிருந்து படிக்க ஆரம்பித்தார்.